பொட்டாசியம் தனியாக வருவதில்லை

மெர்சியைப் பற்றி எழுதாமல் என் வேலையைப் பற்றி எழுத முடியாது. எனக்கு அதுவே பெரிய எரிச்சல்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில் போன மாதம் ஒரு புது மெஷின் வந்திருக்கிறது. ரத்தக் குழாய்களை வரிசையாக நிறுத்திவிட்டால் போதும். அதுவே மூடியைத் திறந்து, உறிஞ்சி, சோடியம் இவ்வளவு, பொட்டாசியம் இவ்வளவு என்று திரையில் காட்டிவிடுகிறது. பூஜைக்கு ரிடையர் ஆனவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அங்கே இருக்கும் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "மேடம், நீங்கள்லாம் கையாலயே பண்ணீங்களாமே? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், நம்ம குரூப்ல போடலாம்" என்றார்கள். எனக்கு வாயெல்லாம் பல். உடனே அதிலொருத்தி, "மெர்சி மேடம்கிட்டதான் முதல்ல கேட்டோம், அவங்கதான் உங்களக் கேக்கச் சொன்னாங்க" என்றாள். காபி கசந்துவிட்டது.

இருந்தாலும் எழுதுகிறேன். நான் எழுதாவிட்டால் அவள் எழுதிவிடுவாள். என்னைவிட நன்றாகவும் எழுதிவிடுவாள்.

எனக்கு ஊர் அடுகோடி. அப்பா லேத் பட்டறையில் வேலை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, லேப் டெக்னீஷியன் படிப்பும் படித்துவிட்டு, கன்டோன்மென்ட் பக்கம் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் பயோகெமிஸ்ட்ரி பிரிவில் சேர்ந்தேன். சில நாள் கழித்து மெர்சி வந்தாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் சொந்த வீடு, ஸ்கூட்டர், சர்ச்சில் பாடுகிற குரல். முதலில் சேர்ந்தவள் நான் என்பதைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும். அந்த லேபில் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை.

எங்களுக்குப் பெரியவர் டாக்டர் ஹெக்டே. கடற்கரைப் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழும் பேசுவார், ஆனால் பாதி வழியில் கன்னடத்துக்குப் போய்விடுவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் அறை. இந்தப் பக்கம் ரத்தம் சுழற்றுகிற மெஷின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதனால் அவர் ஒரு விரல் பாஷை வைத்திருந்தார். சோடியம், பொட்டாசியம் என்றால் ஒரு விரல் மேலே. கால்சியம், மெக்னீசியம் என்றால் இரண்டு விரல் மேலே. குளோரைடு என்றால் ஒரு விரல் கீழே. சேர்ந்த புதிதில் எனக்கு இது சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. தனிம அட்டவணையையே அவர் விரலில் வைத்திருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

முதல் தொகுதியில் இருக்கும் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதை விட்டுவிட்டு, ஒற்றை பிளஸ்ஸோடு அயனியாக நிற்கும். இரண்டாம் தொகுதிக் கால்சியத்துக்கு வெளியே இரண்டு. இரண்டையும் விட்டுவிட்டு இரட்டை பிளஸ்ஸோடு நிற்கும். பதினேழாம் தொகுதிக் குளோரினுக்கு ஏழு இருக்கிறது, எட்டுக்கு ஒன்று குறைகிறது. யாரிடமாவது ஒன்றை வாங்கிக்கொண்டு ஒற்றை மைனஸ்ஸாக மாறும். எந்தத் தொகுதி என்று தெரிந்தால் எத்தனை விரல் என்று தெரியும்.

ரிப்போர்ட்டை அவரிடம் கொண்டுபோனால் கையெழுத்துக்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்பார். "பேலன்ஸ் ஆயித்தா?" ரத்தத்தில் இருக்கிற பிளஸ்ஸெல்லாம் ஒரு பக்கம், மைனஸ்ஸெல்லாம் ஒரு பக்கம். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி, குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் மீதி ஒரு அளவுக்குள் நிற்க வேண்டும். தாண்டினால், நாம் அளக்காத ஏதோ ஒரு மைனஸ் உள்ளே இருக்கிறது. "பிளஸ் தனியா வராதம்மா. கூடவே மைனஸ் இருக்கும். இல்லாந்தா நாவு நோடில்ல, அஷ்டே" என்பார். இல்லையென்று நினைத்தால் நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்று அர்த்தம்.

என்னை 'அம்மா' என்பார். எல்லாரையும் 'அம்மா' என்பார். மெர்சியை மட்டும் 'மெர்சி' என்பார். ஒரு மனுஷி முழு வேலைக்காலத்தையும் இதை நினைத்தே கழிக்க முடியும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

காலேஜ் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். அயனி பற்றி அவர்களுக்கு வகுப்பெடுக்கச் சொன்னார் சார். நான் முதல் நாள் போர்டு நிறைய வட்டம் போட்டு, சுற்றுப்பாதைகளில் எலக்ட்ரான்களை அடுக்கி, முறையாக நடத்தினேன். கொட்டாவி விட்டார்கள். மறுநாள் மெர்சி தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனாள். "ஒரு டப்பாவுல எட்டு இட்லிதான் புடிக்கும். சோடியத்துக்கு டப்பா ரொம்பி ஒரே ஒரு இட்லி மிச்சம். அந்த ஒண்ணுக்காக இன்னொரு டப்பாவத் தூக்கிட்டு எவ அலைவா? யாருக்காச்சும் குடுத்துடுவா. கால்சியத்துக்கு மிச்சம் ரெண்டு. ரெண்டையும் குடுத்துடுவா. குளோரின் டப்பாவுல ஏழு. ஒண்ணு கெடச்சா ரொம்பிடும், அதான் ஓடி வந்து வாங்கிக்கறா." குடுத்தவ எப்படி மேடம் பிளஸ் ஆவா, மைனஸ்தானே ஆகணும் என்று ஒரு பையன் கேட்டான். அவள் மாட்டிக்கிட்டாள் என்று நான் கதவோரம் நின்று ஆவலாகக் காத்திருந்தேன். "எலக்ட்ரானே மைனஸ்தானப்பா. மைனஸ் வெளிய போனா உள்ள என்ன மிஞ்சும்?" என்றாள். வகுப்பு கைதட்டியது. அன்று நான் கொண்டுபோனதும் இட்லிதான். சாப்பிடாமல் மூடி வைத்துவிட்டேன்.

வேலையிலாவது அவளிடம் ஒரு குறை கண்டுபிடித்துவிட மாட்டோமா என்று பார்ப்பேன். அப்போது எங்களிடம் இருந்தது சுடர் மெஷின். கேஸ் அடுப்பு மாதிரி உள்ளே நீலச் சுடர் எரியும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த மஞ்சள் நீரான சீரத்தைத் தண்ணீரில் கலந்து, மெல்லிய குழாய் வழியாகச் சுடருக்குள் விட்டால், சோடியம் மஞ்சளாக எரியும், பொட்டாசியம் வெளிர் ஊதாவாக எரியும். எவ்வளவு எரிகிறது என்பதை வைத்து அளவு சொல்லும். முதலில் அளவு தெரிந்த கரைசலை விட வேண்டும், பிறகு நோயாளியின் சீரம், பிறகு மறுபடி அதே கரைசல். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால்தான் நடுவில் வந்த எண்ணை நம்பலாம். அவசரத்தில் எல்லாரும் இரண்டாம் முறையை விட்டுவிடுவோம். மெர்சி விட மாட்டாள். பிப்பெட் பிடிக்கிற அவள் கை ஆடாது. நான் நின்று பார்த்திருக்கிறேன், ஆடவே ஆடாது.

செக்‌ஷன் இன்சார்ஜ் பதவி வந்தபோது அதுவும் அவளுக்குத்தான் போயிற்று. நான் கேக் சாப்பிட்டேன், வாழ்த்தும் சொன்னேன், வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உடைகிற மாதிரி தேய்த்தேன். கொடுத்து வைத்தவள் என்று என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

இனி ஒரு சின்னப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன்.

மெர்சி இன்சார்ஜ் ஆகி ஒரு வருஷம் போல இருக்கும். ஒரு காலையில் பெண்கள் வார்டிலிருந்து அவசரம் என்று ஒரு குழாய் வந்தது. ஓசூர் ரோடு பக்கம் கார்மெண்ட்ஸில் தைக்கிற சின்னப் பெண். நாலைந்து நாளாக வாந்தி, பேதி. கால் துவண்டு நிற்க முடியவில்லை என்று அவள் அம்மா ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். சாம்பிளை மெர்சி ஓட்டினாள். பொட்டாசியம் எட்டுப் புள்ளி ஒன்பது வந்தது.

ஐந்தைத் தாண்டினாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். எட்டுக்கு மேல் என்றால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். வார்டில் உடனே இன்சுலினும் குளுக்கோசும் ஏற்றுவார்கள். அது ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும். நிஜமாகவே எட்டாக இருந்தால் அந்த ஊசி உயிரைக் காப்பாற்றும். நிஜத்தில் ஏற்கெனவே குறைவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும்.

சுழற்றுகிற மெஷின் அப்போது ஓடவில்லை, சார் அறையில் பேசுவது எங்களுக்குக் கேட்டது. வார்டு டாக்டர் போனில் இருந்தார். ஈ.சி.ஜி.யிலும் கோளாறு தெரிகிறது, இன்சுலின் எடுத்து வைத்தாகிவிட்டது, எண் உறுதிதானா என்று கேட்டார். ஹெக்டே சார் போனைக் கையால் மூடிக்கொண்டு, "யார் ரன் மாடிதது? யார் பண்ணது?" என்றார்.

"நான்தான் சார்."

"மெர்சியா? அப்ப கன்ஃபர்ம்."

"இல்ல சார், ஒரு நிமிஷம். ராஜி ஒரு தடவ பண்ணிடட்டும்" என்றாள் மெர்சி. குழாயைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். பணிவு மாதிரி ஒரு நடிப்பு என்று எனக்குத் தோன்றியது. சார் போனில் "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்றார். ரொம்ப நேரம் வெயிட் பண்ண முடியாது என்று அந்த முனையில் டாக்டர் சத்தம் போடுவது எனக்கே கேட்டது.

உள்ளதைச் சொல்கிறேன். குழாயை எடுத்தபோது அந்தப் பெண் என் நினைவில் இல்லை. மெர்சி தப்பு செய்திருக்கிறாள், இன்றைக்கு அகப்பட்டாள் என்பதுதான் இருந்தது. சீரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி எண் ஏறும், ஆனால் சீரமும் சிவந்திருக்கும். இது தெளிந்த மஞ்சள். சரி, அவள் வைத்த கரைசல் பழசாக இருக்கும் என்று புதுசு உடைத்து, சுடரைத் திருத்தி, முன்னும் பின்னும் கரைசல் விட்டு, நானே ஓட்டினேன். எட்டுப் புள்ளி ஒன்பது. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்கூட மாறவில்லை. எனக்கு அழுகை வந்தது.

அப்போதும் விடவில்லை. சிறுநீரகம் கெட்டால் பொட்டாசியம் ஏறும், கிரியாட்டினின் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்படியென்றால் உடம்புக்குள்ளிருந்து இது வரவில்லை. வெளியிலிருந்து வந்திருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தேன். மீதி அளவைத் தாண்டி நின்றது. முதல் தொகுதிப் பொட்டாசியம் ஒற்றை பிளஸ்ஸோடு வந்திருக்கிறதே, யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தது? குளோரைடு ஏறவில்லை. பைகார்பனேட்டும் இல்லை. நாங்கள் அளக்காத ஒரு மைனஸ்.

என் மேஜை ஓரத்தில் ஊதா மூடிக் குழாய்கள் நின்றுகொண்டிருந்தன. அணுக்களை எண்ணுவதற்கு ரத்தம் உறையாமல் வைக்கிற குழாய்கள் அவை. அதற்குள் ஒரு உப்பு தடவியிருக்கும். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும், அந்த உப்பு கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், அதனால் உறையாது. அந்த உப்பின் மைனஸ் பகுதி குழாய்க்குள் வரும்போது பொட்டாசியத்தோடு சேர்ந்துதான் வரும். இரண்டாம் தொகுதிக் கால்சியம் இரட்டை பிளஸ்ஸோடு எதிரே வந்ததும் அது அவளை இறுக்கிக்கொண்டு, ஒற்றை பிளஸ்காரியைக் கைவிட்டுவிடும். ஊதாக் குழாய் ரத்தத்தை எவராவது எங்களுக்கு அனுப்புகிற சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றியிருந்தால் பொட்டாசியம் ஏறியிருக்கும், கால்சியம் காணாமல் போயிருக்கும்.

கால்சியம் எவரும் கேட்கவில்லை. நானே அந்த டெஸ்ட்டைப் போட்டேன். கால்சியம் இருந்தால் நாவல்பழம் மாதிரி நிறமேற வேண்டிய திரவம், அன்றைக்கு ஏறாமல் வெளிறிப்போய் நின்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் இன்னும் போனில் இருந்தார். மெஷின் மறுபடி சுழலத் தொடங்கியிருந்தது, அந்தச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. தட்டினேன். அவர் நிமிர்ந்ததும் ஒரு விரலை மேலே தூக்கிக் காட்டினேன். பிறகு இரண்டு விரலைத் தூக்கி, அப்படியே மடக்கினேன். ஒன்று வந்திருக்கிறது, இரண்டு போய்விட்டது. ஒரு நொடி என்னைப் பார்த்தார். போனில் "ஸ்டாப்! இன்சுலின் கொடுக்காதீங்க. வேற சாம்பிள் எடுங்க, ஈகலே, இப்பவே" என்று அவர் சொல்வது உதட்டசைவிலேயே தெரிந்தது.

சாம்பிள் எடுக்க நானே ஓடினேன். அந்தப் பெண்ணின் கை குச்சியாக இருந்தது, இரண்டு பக்கமும் குத்தி நீலம் பாரித்திருந்தது. அவள் அம்மா என் கையைப் பிடித்துத் தள்ளினார்.

"எத்தினி வாட்டிம்மா குத்துவீங்க? அவ ஒடம்புல ரத்தமே இல்லியே!"

"இன்னும் ஒரே வாட்டிம்மா. இது தப்பாப் போச்சு, அதான்."

பக்கத்தில் நின்ற நர்ஸின் முகம் வெளுத்திருந்தது. கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். "நரம்பே கெடைக்கல மேடம். ரெட் டியூப்ல கொஞ்சந்தான் எறங்குச்சு. பர்ப்பிள்ல ஜாஸ்தி இருந்துச்சு. இன்னொரு வாட்டி குத்த மனசு வரல. அதுலேருந்து இதுல ஊத்திட்டேன்." அவளை என்ன சொல்வது? இரக்கப்பட்டுச் செய்தது. எங்கள் தொழிலில் மட்டுமே இரக்கம் இப்படி ஆளைக் கொல்லப் பார்க்கும். முழங்கைக்குக் கீழே ஒரு நரம்பு கிடைத்தது. ஒரே குத்து.

புது சாம்பிளில் பொட்டாசியம் மூன்றுகூட இல்லை. வாந்தியிலும் பேதியிலும் எல்லாம் போய்விட்டிருந்தது. கால் துவண்டதும் ஈ.சி.ஜி. கெட்டதும் அதனால்தான். இன்சுலினைக் குப்பையில் போட்டுவிட்டு, பொட்டாசியம் கலந்த டிரிப்பை மெதுவாக ஏற்றினார்கள். மறுநாள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

ஹெக்டே சார் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். நான் ஏப்ரனைச் சரிசெய்துகொண்டேன். "குட், அம்மா" என்று என் பக்கம் தலையாட்டிவிட்டு, "மெர்சி, ரிபீட் கேட்டெயல்லா, அது பஹள ஒள்ளே டிசிஷன்" என்றார். மிக நல்ல முடிவாம். அந்தப் பெண்ணின் அம்மா லேப் ஜன்னலுக்கு வந்தார். மேஜையில் இன்சார்ஜ் பெயர்ப்பலகை இருந்ததால் நேரே மெர்சியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் இல்லம்மா, அவங்க" என்று மெர்சி என்னைக் காட்டினாள். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "ஐய, இவங்க குத்துனவங்க இல்ல?" என்றார்.

அன்று சாயங்காலம் மழை. பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். மெர்சி ஸ்கூட்டரை நிறுத்தி, "ஏறு, அடுகோடில வுட்டுட்டுப் போறேன்" என்றாள். வழக்கமாக மறுத்துவிடுவேன். அன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்லு மெர்சி. உன் ரிசல்ட் மேல உனக்கே எப்படி டவுட் வந்துது?"

"டவுட்டே வரலடி. அதான் பயமா இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் ஓட்டுனேன்னு சொன்னா சார் கண்ண மூடிட்டு கன்ஃபர்ம்கறாரு. பொண்ணுங்க கேக்கவே மாட்டாளுங்க. நானே என்ன நம்ப ஆரம்பிச்சுட்டேன். இந்த லேப்ல, மெர்சி கண்டிப்பா தப்புதான் பண்ணிருப்பான்னு முழு மனசா நம்பறது நீ ஒருத்திதான். அதான் உன்கிட்ட குடுத்தேன். நீ நோண்டாம வுட மாட்டேன்னு தெரியும்."

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு கேக் சாப்ட்டப்போ உன் மூஞ்ச நான் பாக்கலையா? ஏறு, நனையாத."

ஏறிக்கொண்டேன். மழையில் பள்ளம் மேடு தெரியாத ரோட்டில் ஒரு குலுங்கல் இல்லாமல் ஓட்டினாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் யோசித்துக்கொண்டே போனேன். இத்தனை வருஷம் என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது என்னுடைய பொறாமை. எனக்கு மட்டுமே சொந்தமானது. அதை வைத்து ஒரு உயிரைக் காப்பாற்றலாம் என்கிற யோசனைகூட அவளுக்குத்தான் வந்திருக்கிறது.